புலியின் போனைப் பிடுங்கிய மான்

ஒரு காட்டில் சிக்னல் நன்றாகக் கிடைத்தது.

பழைய கதைகளில் வருகிற காடுகளுக்கு இந்த வசதி கிடையாது. அதனால் அங்கே இருந்த மிருகங்கள் பொழுது போகாமல் ஒன்றையொன்று ஏமாற்றிக்கொண்டும், கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டும், கடைசியில் நமக்குப் புத்தி சொல்லிக்கொண்டும் கிடந்தன. இந்தக் காட்டுக்குப் பக்கத்து மலையில் டவர் வைத்தார்கள். அன்றோடு புத்தி சொல்ல யாருக்கும் நேரமில்லாமல் போயிற்று.

போன்கள் எப்படி வந்தன என்று கேட்பீர்கள். ஜீப்பில் ஏறிப் புலி பார்க்க வருகிற மனுஷர்கள் படம் எடுக்கிற அவசரத்தில் கைநழுவ விட்டவை அவை. நரி நம்பிராஜன் வன சபையின் எழுத்தர். குப்பை பொறுக்குவதிலும் அதற்கு அனுபவம் உண்டு. விழுந்த போன்களை எல்லாம் அது பொறுக்கி வந்து, யார் யார் தன்னை மரியாதையாகக் கூப்பிடுகிறார்களோ அவர்களுக்குக் கொடுத்தது. சார்ஜ் ஏற்றுவதற்குத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. கோடையில் மிருகங்கள் குடிப்பதற்காக அங்கே ஒரு சோலார் மோட்டார் போட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் ஒரு பிளக் பலகை இருந்தது. காலையில் தண்ணீர் குடிக்க நிற்கிற வரிசையைவிடப் பலகைக்கு நிற்கிற வரிசை நீளமாக இருந்தது.

அந்தப் போன்களில் ஒரு விளையாட்டு பரவியது. பெயர் உச்சிக்கொம்பு. ஆட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மரத்து உச்சியில் காவல்காரர். இன்னொருவர் புதருக்குள் புலி. நடுவில் பத்து மான் பொம்மைகள் புல் மேயும். புலி பாய்வதற்குள் காவல்காரர் கூவல் பொத்தானை அமுக்கிவிட்டால் மான்கள் ஓடித் தப்பித்துவிடும், ஓடாமல் நின்றுவிடுகிற மானைத் தவிர. அமுக்கத் தவறினால் புலிக்கு ஒரு மான். யாரோடு ஆடுகிறோம் என்பது இருவருக்கும் தெரியாது. எதிராளி வைத்துக்கொண்ட பட்டப்பெயர் மட்டும் திரையில் தெரியும்.

காட்டில் நாள் முழுக்க அதுதானே நடக்கிறது, அதைப் போனில் வேறு ஆட வேண்டுமா என்று நீங்கள் சிரிக்கலாம். பகல் முழுக்க ஊருக்குள் வண்டி ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கால் நீட்டி உட்கார்ந்து போனில் வண்டி ஓட்டுகிறவர் உங்கள் தெருவில் இல்லையா? மிருகங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

இந்தக் காட்டில் மானுக்கும் மந்திக்கும் பல தலைமுறையாக ஓர் ஏற்பாடு. மந்தி மரத்தில் உட்கார்ந்து, தூரத்தில் புலி வரக் கண்டால் கூவும். மான்கள் ஓடும். பதிலுக்கு மான்கள் மோப்பம் பிடித்த சேதியை மந்திக்குச் சொல்லும். ஒவ்வொரு கூவலையும் நரி பதிவேட்டில் ஏற்றும். எந்தக் கூட்டத்து மந்தி அதிகம் கூவுகிறது என்பதில் மான்களுக்குள் பெரிய பெருமை. “எங்க மந்தி மாசம் இருபது தடவை கூவும்” என்று சொல்லித்தான் பெண் கேட்டுப் போவார்கள். இருபது தடவை கூவினால் இருபது தடவை புலி வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அதை அந்தப் பக்கமிருந்து ஒரு மானும் யோசித்ததில்லை.

முப்பிடாதி என்றொரு புள்ளிமான். அவளுக்கு ஒரே மகள், செல்லக்கனி. முன்பு மூத்தவன் ஒருவன் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் மந்தி கூவியது. எல்லோரும் ஓடினார்கள். அவனும் ஓடினான். ஒரு முழம் பின்தங்கிவிட்டான். பலவேசம் என்ற புலி அவனைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அந்த ஒரு முழம் முப்பிடாதியின் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை. மகள் பிறந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்புதான்: இவள் ஓட வேண்டும், அண்ணன் ஓடாமல் விட்ட அந்த ஒரு முழத்தையும் சேர்த்து ஓட வேண்டும்.

செல்லக்கனி ஓடவில்லை. உட்கார்ந்தாள். முன்கால் இரண்டையும் மடக்கி, போனைக் கல்லில் சாய்த்து வைத்து, மூக்கு நுனியால் அமுக்கி உச்சிக்கொம்பு ஆடினாள். மான் மூக்கு எப்போதும் ஈரமாக இருக்கும். திரை வழுக்கும்போது அதைப் புல்லில் துடைப்பதற்காக மட்டும் தலையைத் தூக்குவாள். தின்பது உட்கார்ந்தபடி, தூங்குவது உட்கார்ந்தபடி. தொடையில் ஓடுகிற மானுக்கு இருக்க வேண்டிய முறுக்கு இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் தாய்க்கு அந்த ஒரு முழம் நினைவுக்கு வந்தது.

ஒருநாள் அவள் சோதித்துப் பார்த்தாள்.

“ஏட்டி, புலி வருது.”

“எந்தப் புதர்லம்மா? இடதா, வலதா?”

“நெசப் புலிட்டி.”

“நெசப் புலியெல்லாம் முப்பதாவது லெவலுக்கு மேலதாம்மா வரும்” என்றாள் செல்லக்கனி, தலையைத் தூக்காமல்.

முப்பிடாதி நேராகக் காவல் மரத்தடிக்குப் போனாள். மருத மரத்து உச்சியில் மந்தி சொரிமுத்து உட்கார்ந்திருந்தது. முதுகு வளைந்திருந்தது. காட்டைப் பார்க்க வேண்டிய முகம் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் இருக்கிற மிருகம் அதுவென்பதால் உச்சிக்கொம்பில் அதை மிஞ்ச ஆளில்லை.

“அண்ணாச்சி, மூணு மாசமா ஒரு கூவல்கூடக் கேக்கலியே” என்றாள் முப்பிடாதி.

“கூவாமலா இருக்கேன்? இன்னைக்குக் காலையிலேருந்து மட்டும் முந்நூத்திப் பன்னெண்டு மானைக் காப்பாத்தியிருக்கேன்.”

“எங்க வச்சு?”

சொரிமுத்து போனைத் திருப்பிக் காட்டியது.

“அது பொம்மை அண்ணாச்சி. எம் மவ கீழ மேயுதா.”

“ஒம் மவ எங்க மேயுதா? அவளும் ஆடிக்கிட்டுதான் இருக்கா. போன வாரம் ஏழு தடவை தோத்துட்டேன்னு எங்கிட்டயே சொல்லி அழுதா.” மந்தி மறுபடி திரைக்குத் திரும்பியது. “இப்ப பேச்சுக் குடுக்காதம்மா. 'பசி'ன்னு ஒருத்தன். மூணு மாசமா விடாம எங்கூடத்தான் ஆடுதான். புதருக்குள்ள அவன் பதுங்குத பதுங்கல் இருக்கே, அப்படியே அசல். ஒரு செகண்டு கண்ணை எடுத்தா மானைத் தூக்கிருவான்.”

“கண்ணை எடுத்துக் காட்டைப் பாருங்கண்ணாச்சி.”

“பாத்தா அவன் ஜெயிச்சிருவாம்மா. அப்புறம் 'கொம்புராஜா'ங்கிற பேரை வச்சுக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட இந்த மரத்துல உக்காருவேன்?”

வந்த வழியே திரும்பினாள். தொண்டை வறண்டு போயிருந்ததால் தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். குனிந்து ஒரு வாய் குடித்தபோது அந்த வாடை வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் காலையில் வந்த அதே வாடை. நாலு காலும் தரையோடு ஒட்டிக்கொண்டன. முதுகுக்குப் பின்னால் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

“அக்கா, நீங்க சார்ஜ் போடுதீங்களா? போடலைன்னா கொஞ்சம் தள்ளிக்கிடுதீங்களா? எனக்கு ரெண்டு பர்சென்ட்தான் இருக்கு.”

பலவேசம்தான். கண் போனை விட்டு நகரவில்லை. முப்பிடாதி எப்படியோ தள்ளிக்கொண்டாள். புலி அவளை உரசிக்கொண்டு போய்ப் பிளக்கைச் செருகியது. அந்தச் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்து பாதத்தால் திரையை அமுக்கத் தொடங்கியது. வயிறு தொங்கியது. தோல் மினுமினுப்பு இழந்து பழைய சாக்கு போல இருந்தது. மீசையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

அந்த நேரத்தில் நரி நம்பிராஜன் வாயில் ஒரு பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு வந்தது. காட்டோரத்து லாட்ஜின் குப்பைத் தொட்டியிலிருந்து மிச்சப் பிரியாணியை எடுத்து வந்து புலிக்கு வேளா வேளைக்குக் கொண்டு கொடுப்பதும் அதன் வேலையாகிவிட்டிருந்தது. தனக்கென்று போன் மிச்சம் வைக்காத நரி, பதிலுக்குப் புலி ஆடாத நேரம் பார்த்து அதன் போனை ஐந்து நிமிஷம் வாங்கி ஆடிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

“அண்ணாச்சி, பிரியாணி. லெக் பீஸ் இன்னைக்கு இல்ல.”

“வச்சிட்டுப் போ” என்றது புலி. நரி வைத்துவிட்டுப் போனது.

மூன்றடி தூரத்தில் ஒரு கொழுத்த மான் நிற்கிறது. புலி ஏறிட்டும் பார்க்கவில்லை. முப்பிடாதிக்கு மெல்ல மெல்லப் பயம் வடிந்தது. புத்தியுள்ள மான் என்றால் அந்த இடத்தில் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மகளுக்கு நாலு நல்ல தழை பறித்துக் கொடுத்திருக்கும். முப்பிடாதிக்குக் கோபம் வந்தது. இதுவா புலி? எம் பிள்ளையைத் தூக்கியது இதுவா? இதற்குப் பயந்தா என் அம்மாவும் அவள் அம்மாவும் காலம் பூராவும் ஓடினார்கள்? காவல்காரன் காவல் காக்கவில்லை, பிள்ளை ஓடவில்லை, புலி பாயவில்லை. காடு அடியோடு கெட்டுப் போய்விட்டது என்று முடிவு கட்டினாள். அங்கிருந்தே மனுக் கொடுக்கப் போனாள்.

வன சபையின் அலுவலகம் என்பது யானைப் பாறைக்குக் கீழே ஒரு நிழல். பிரியாணி கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்த நரி, மனுவை மூன்று நகல் கேட்டது. 'தொல்லை தருவது விலங்கா, பொருளா, பழக்கமா' என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று இருவரும் வெகுநேரம் பேசி, மூன்றையும் எழுதினார்கள். நரிக்கு என்ன கெட்ட நேரமோ, அன்றைக்குப் பார்த்து மனசாட்சி விழித்துக்கொண்டது.

“மதினி, ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதீங்க. பதிவேட்டைப் பாத்தேன். போன வருஷம் இதே மூணு மாசத்துல கூவல் அம்பத்தெட்டு, மான் இழப்பு ஒம்பது. இந்த வருஷம் கூவல் பூஜ்யம், இழப்பும் பூஜ்யம்.”

“பாத்தியளா. கூவல் பூஜ்யம்.”

“அடுத்த கட்டத்தையும் பாருங்க மதினி.”

“மொதக் கட்டமே இந்த லட்சணத்துல இருக்கு. அடுத்ததைப் பாத்து என்ன ஆவப் போவுது?” என்றாள் முப்பிடாதி. நரியின் மனசாட்சி மறுபடி படுத்துக்கொண்டது.

சபை கூடியது. தலைவர் மகாலிங்கம் என்ற யானை. விளையாட்டினால் சமூகத்துக்கு வந்த கேட்டைப் பற்றிப் பேச ஆளுக்கு ஆள் முந்தினார்கள். தோகை விரித்தால் பார்க்க ஆளில்லை, விரித்ததைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள் என்றது மயில். தன் பிள்ளைகள் மரமேறி எடுப்பதை மறந்து, தேனைப் படத்தில் தொட்டுவிட்டு நாக்கைச் சப்புகிறார்கள் என்றது கரடி. ஒரு முயல் மட்டும் எழுந்து, இந்த மூன்று மாதமாகத்தான் தன் வளைக்குள் நிம்மதியாகத் தூங்குவதாகச் சொன்னது. கலாச்சாரம் அறியாத முயல் என்று அதை உட்கார வைத்தார்கள்.

முப்பிடாதி கடைசியாகப் பேசினாள். “எம் பிள்ளை ஓடணும். நான் வேற எதுவும் கேக்கலை” என்றாள். அதில் பொய்யே இல்லை. கூட்டத்தில் தாய்மார்கள் அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“கூவல் இல்லை, இழப்பும் இல்லை என்று எழுத்தர் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்” என்றது யானை. “இன்றைய நிகழ்ச்சி நிரலில் கூவல் மட்டும்தான் இருக்கிறது. இழப்பை இன்னொரு நாள் பார்ப்போம்.”

அவசரப்படக் கூடாது என்று முதலில் ஓர் ஆய்வுக் குழு போட்டார்கள். யானையும் கரடியும் மயிலும் நாற்பது நாள் உச்சிக்கொம்பை ஆய்வு செய்தார்கள். கரடி இருபத்தாறாவது லெவல் வரை ஆய்வு செய்தது. மயில் ஆய்வு செய்துகொண்டே சாப்பிட மறந்து மயங்கி விழுந்தது. யானைக்குத்தான் ஆய்வு சரிப்படவில்லை. தும்பிக்கையால் தொட்டால் மூச்சுக்காற்றில் திரை மங்கியது, காலால் தொட்டால் போனே இல்லாமல் போயிற்று. மூன்று போனை மிதித்து உடைத்த பிறகு, இந்த விளையாட்டு இளைய தலைமுறையின் அறிவை மழுங்கடிக்கிறது என்ற முடிவுக்கு வந்து தடைக்குக் கையெழுத்துப் போட்டது.

போன்களைச் சேகரித்தார்கள். சொரிமுத்து கொடுக்கும்போது அழுதது. செல்லக்கனி கொடுக்கவில்லை. தாய் கவ்விப் பிடுங்கினாள். எல்லாவற்றையும் யானைப் பாறைக்கு அடியில் ஒரு குழியில் போட்டு, மேலே பலகைக் கல்லை வைத்து, விளிம்பில் தேன்மெழுகு பூசிச் சீல் வைக்கத் தயாரானார்கள். எண்ணிப் பார்த்தபோது ஒன்று குறைந்தது.

“பலவேசத்தோட போனு வரலை” என்றது நரி.

யார் போய் வாங்கி வருவது என்ற கேள்வி எழுந்ததும் கரடிக்குத் தேனீ கொட்டிய இடம் வலித்தது. மயில் இன்னும் மயக்கம் தெளியவில்லை என்றது. தலைவர் நேரில் போவது பதவிக்கு அழகல்ல என்றார்கள். முப்பிடாதி எல்லோர் முகத்தையும் பார்த்தாள். ஒரு போனை விட்டுவைத்தால் ஊரே மறுபடி அதைத் தேடிப் போகும், தன் மகள் முதல் ஆளாகப் போவாள் என்று அவளுக்குத் தோன்றியது.

“நானே போறேன்” என்றாள்.

உச்சி வெயிலில் புலியின் குகைக்குப் போனாள். காட்டில் இதற்கு முன் எந்த மானும் நடந்து போகாத வழி அது. போகிற மான்கள் வேறு விதமாகத்தான் போயிருக்கின்றன. மகளை நினைத்துக்கொண்டு நடந்தாள். அந்தத் துணிச்சலை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

“பலவேசம்.”

“ஒரு நிமிஷம்க்கா” என்றது உள்ளேயிருந்து. அவள் ஒரு நிமிஷம் வெயிலில் நின்றாள்.

“எம் மூத்தவனை ஞாபகம் இருக்கா?”

புலி முதல் தடவையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தது. “இருக்குக்கா. இடது காதுல வெள்ளைப் புள்ளி. நல்ல பிள்ளை.”

அந்த வெள்ளைப் புள்ளியைப் பற்றி இரண்டு வருஷமாக அவளிடம் யாரும் பேசியதில்லை. பேசினால் அழுவாள் என்று கூட்டத்தில் எல்லோரும் தவிர்த்தார்கள். ஞாபகம் வைத்திருந்தது இது ஒன்றுதான்.

“அன்னைக்கு ஓடைக்கரையிலேருந்து ஒரே பாய்ச்சல்ல வந்தே” என்றாள். “நான் அழுதேன். ஆனாலும் எம் பிள்ளை ஒரு புலி கையிலதான் போனான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இப்ப உன்னைப் பாத்தா வெக்கமா இருக்கு பலவேசம். வயித்தைப் பாரு. மீசையில சோறு. இதுக்கா எம் பிள்ளை செத்தான்?”

புலி தலை குனிந்தது. “நான் யாரையும் தொந்தரவு பண்ணலியேக்கா. நாலு மாசமா ஒரு மானைத் தொடலை. தொடணும்னு தோணவே இல்லை. நாள் பூரா பாஞ்சுக்கிட்டேதான் இருக்கேன், இதுக்குள்ளயே. இந்தக் கொம்புராஜான்னு ஒருத்தன் மட்டும் என்னைய ஜெயிக்க விடமாட்டேங்கான்.”

கொம்புராஜா. அது சொரிமுத்து வைத்துக்கொண்ட பேர். மரத்தின் மேலிருக்கிற காவல்காரன் நாள் முழுக்க இந்தப் புலியைத்தான் காவல் காக்கிறான். இந்தப் புலி நாள் முழுக்க அந்தக் காவல்காரனிடம்தான் பாய்கிறது. இரண்டுக்கும் வேறு எதற்கும் நேரமில்லை. நடுவில் தன் மகள் ஒரு கீறல்கூட இல்லாமல் கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் அவள் கண்ணுக்கு நேரே பட்டப்பகலில் தெரிந்தது.

“ரெண்டு பேரும் சேந்தே கெட்டுப் போயிருக்கீங்க” என்றாள்.

புலி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. “இதைக் குடுத்துட்டா நான் என்னக்கா செய்வேன்?”

“உழைச்சுச் சாப்பிடு.”

புலியிடம் இப்படி அக்கறையாகப் பேசியவர்கள் குறைவு. அது போனை அவள் காலடியில் வைத்துவிட்டு எழுந்தது. நான்கு மாதமாக மடங்கிக் கிடந்த எலும்புகள் ஒவ்வொன்றாகச் சடசடத்தன. முன்காலை நீட்டி முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தபோது வயிறு உள்வாங்கிக்கொண்டது. நகங்கள் தாமாக வெளியே வந்து பாறையைக் கீறின.

“நீங்க சொல்லுததும் சரிதாங்க்கா” என்றது. “இன்னைக்கு வேண்டாம், வீடு தேடி வந்திருக்கீங்க. நாளைக்குக் காலையில பாப்போம்.”

எவ்வளவு மரியாதை என்று நினைத்தபடி, போனைக் கவ்விக்கொண்டு முப்பிடாதி திரும்பினாள். சபையில் அவளுக்குக் காட்டுமல்லிக் கொடியை மாலையாகப் போட்டார்கள். தேன்மெழுகில் சீல் விழுந்தது.

செல்லக்கனி அன்று சாயங்காலம் வரை அழுதாள். பிறகு அழுது அலுத்துப் போய் எழுந்து நடந்தாள். நடப்பது அலுத்துப் போய் ஓர் உண்ணிச்செடிப் புதரைத் தாண்டினாள். தாண்டிவிட்டுத் தன் கால்களையே ஆச்சரியமாகப் பார்த்தாள். இன்னொரு தடவை தாண்டினாள். தூரத்திலிருந்து அதைப் பார்த்த முப்பிடாதிக்கு, இரண்டு வருஷத்துக்குப் பிறகு, புல் இனித்தது.

மறுநாள் காலை மந்தி கூவியது.

சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு கூவலை அந்தக் காடு கேட்டதில்லை. நான்கு மாதமாக ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை புலியைத் தேடித் தேடிப் பழகிய கண் அது. ஓடைக்கரைப் புதரில் ஒரு இலை அசைந்ததுமே சொரிமுத்து கண்டுபிடித்துவிட்டது. கூட்டம் சிதறியது. செல்லக்கனியும் ஓடினாள். இடது புதரில் புலி என்றால் வலது பக்கம் வெட்டித் திரும்ப வேண்டும் என்பது அவள் மூக்கு நுனிக்கே தெரிந்திருந்தது. வெட்டித் திரும்பினாள். முதல் பாய்ச்சலில் ஒரு மானைத் தாண்டினாள், இரண்டாவதில் இன்னொன்றை. மூன்றாவதில் கூட்டத்துக்கே முன்னால் போய்விட்டாள்.

முப்பிடாதியும் ஓடத்தான் தொடங்கினாள். பத்துத் தாவல் ஓடியதும் மகள் எங்கே என்று திரும்பிப் பின்னால் பார்த்தாள். பழக்கதோஷம். பின்னால் இல்லை. முன்னால் பார்த்தாள். அங்கே, எல்லோருக்கும் முன்னால், ஒரு முழமல்ல, பத்து முழம் முன்னால் செல்லக்கனி போய்க்கொண்டிருந்தாள். முப்பிடாதி நின்றுவிட்டாள். அவள் நின்றதை அவளே உணரவில்லை. கண்ணில் நீர் மறைத்தது. அதைத் தலையை உதறித் தள்ளிவிட்டு, இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காகக் கழுத்தை நீட்டினாள்.

உச்சிக்கொம்பு ஆடியவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. கூவல் விழுந்த பிறகு ஓடுகிற மானைப் புலி துரத்தாது. அது வீண் வேலை. நின்று பார்க்கிற மானைத்தான் பிடிக்கும். அந்தக் காட்டில் அந்த விளையாட்டை ஒரு தடவைகூட ஆடிப் பார்க்காதவள் முப்பிடாதி ஒருத்திதான்.

“அக்கா” என்றது ஒரு குரல், பக்கத்தில்.

அவள் திரும்பவில்லை. “பாரு, எம் மவ எப்படி ஓடுதா பாரு” என்றாள்.

பலவேசமும் பார்த்தது. “நல்லா ஓடுதாக்கா” என்றது, மனசாரத்தான். அப்புறம் அவள் சொன்னபடியே உழைத்துச் சாப்பிட்டது.

அடுத்த மாதம் சபை கூடியபோது நரி பதிவேட்டைப் படித்தது. கூவல் இருபத்தொன்று. சபை எழுந்து நின்று கைதட்டியது. காவலில் இழந்த பெருமையைக் காடு மீட்டுவிட்டது என்று யானை பேசியது. இழப்பு ஏழு என்று நரி படித்ததைக் கைதட்டலில் யாரும் கேட்கவில்லை. ஒழுக்கத்துக்காக உயிர் கொடுத்த முப்பிடாதிக்கு ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்தினார்கள்.

கூட்டம் கலையும்போது செல்லக்கனி நரியிடம் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். தொடை முறுக்கேறி, எந்தத் தாயும் பார்த்துப் பெருமைப்படுகிற மாதிரி இருந்தாள்.

“மாமா, சீலை ஒடைக்கணும்” என்றாள். “எம் போனு வேண்டாம். புலியோடதை மட்டும் எடுத்து அதுகிட்டயே குடுத்துருங்க. நானே கொண்டுபோய்க் குடுத்தாலும் சரி.”

நரி விதிப் புத்தகத்தைப் புரட்டியது. அதற்கும் அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. “தடை கேட்டு மனுப் போட்டவங்களே நேர்ல வந்து குளம்பு வச்சாத்தான் சீலை ஒடைக்கலாம் தாயி.”

“எங்க அம்மாதான் போட்டா. அவளைப் புலி தின்னுட்டுதே.”

நரி கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தது. பிறகு, 'மனுதாரர் வர இயலாத இடத்தில் இருக்கிறார், கோரிக்கை நிலுவையில்' என்று எழுதி, கீழே தேதி போட்டது. மை உலர்வதற்குள் மருத மரத்து உச்சியிலிருந்து கூவல் கேட்டது. செல்லக்கனி ஓடினாள். நரி பக்கத்தைத் திருப்பி, புது மாதத்தின் முதல் கூவலைப் பதிவு செய்தது.

நீதி: பிள்ளையின் போனைத் தாராளமாகப் பிடுங்குங்கள், அது பெற்றவர் உரிமை. புலியின் போனுக்கு மட்டும் நீங்களே வரிசையில் நின்று சார்ஜ் ஏற்றிக் கொடுத்துவிடுங்கள்.